செத்த ஆட்டுக்குச் சாட்சி யார்?

தாமிரபரணி கடலோடு கலக்குமுன் கண்டு செல்லும் ஊர்களுள் ஆத்தூர் ஒன்று. வெற்றிலைக் கொடிக்கால்களால் பெயர் பெற்ற இவ்வூரைத் தாண்டினால் புன்னைக்காயல். அதற்கப்பால் நமது முன்னோர் முத்துக்குளித்த கடல். 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்நதிமுகத்தை என்ன பாடுபடுத்திற்று என்பதை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18-ம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்தது. தூத்துக்குடி ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைக் காட்டிலும் அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிற்று.

அந்த இரவில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோன செய்தி தேசமெங்கும் பரவியது. சுமார் 800 பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே தவிப்பதை எல்லோரும் அறிந்தனர், ஆகாய மார்க்கமாக உணவு சென்றது, யாவரும் மீட்கப்பட்டனர். அது மெச்சத்தக்க காரியம். ஆனால் அதே இரவில் அதே ஆற்றங்கரைத் தொழுவங்களில் கட்டிக் கிடந்த பசுக்கள் எத்தனை, பட்டிகளில் அடைபட்டிருந்த ஆடுகள் எத்தனை என்று எவரேனும் அறிந்திருந்தனரா? ரயில் பிரயாணி கணக்கில் இருப்பவன். ஏழையின் ஆடு கணக்கில் இல்லாதது. கால்நடை நிவாரணம் என்னும் விஷயத்தில் நாம் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

சர்க்கார் கையை விரித்துவிட்டது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. வெள்ளம் வடிவதற்குள்ளாகவே முதன் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் தூத்துக்குடிக்கு வந்தார். திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும் மற்றப் பகுதிகளில் 1,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இறந்த பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாயும், வெள்ளாடு அல்லது செம்மறியாட்டுக்கு 4,000 ரூபாயும் தருவதாகச் சொல்லப்பட்டது. 2018-ம் வருஷத்துக் கஜா புயலின் போது மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்றிருந்ததை நோக்க இது உயர்வே.

இவ்விரு உதவிகளுக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். குடும்பத்துக்கான பணம் நியாய விலைக் கடைகளின் மூலம் சில தினங்களுக்குள் ரொக்கமாகப் பட்டுவாடா செய்யப்பட்டது. எப்படிச் சாத்தியமாயிற்று? ரேஷன் கார்டு என்னும் ஜாபிதா வெள்ளத்துக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. யார் வீட்டில் எத்தனை பேர் என்று அப்புறம் போய் விசாரிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. கால்நடைக்கான பணமோ வேறு வழியில் வர வேண்டும். நஷ்டத்தை அதற்கென நியமித்த அதிகாரி அத்தாட்சி செய்தல் வேண்டும் என்பது மத்திய சர்க்கார் 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கென வகுத்த பேரிடர் நிவாரண அளவுகோலின் நிபந்தனை. கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குச் செத்த உடல் வேண்டும்.

வெள்ளத்தில் செத்த உடல் எங்கே கிடைக்கிறது? வறட்சியில் மாடு மடிந்தால் மடிந்த இடத்திலேயே கிடக்கும். இடி விழுந்து ஆடு செத்தால் விழுந்த இடத்திலேயே காணலாம். ஆறு கரை புரண்டு ஊருக்குள் புகுந்து ஓடும்போதோ பட்டியும் போகிறது, பட்டியிலிருந்த ஆடும் போகிறது. சில உடைமரப் புதர்களில் சிக்கிக் கொள்ளும். சில சேற்றில் புதையும். மற்றவை கடலுக்குப் போகும். அகப்பட்ட உடல்களையும் வைத்திருக்க வழியில்லை. தொற்றுநோய் பரவாதிருக்கும் பொருட்டு அவற்றை உடனே ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது சுகாதார விதி, அவ்விதி சரியானதே. ஆனால் பாலங்கள் அறுந்து, சாலைகள் அரித்துப்போய், மருத்துவர் வந்து சேர நாட்கள் ஆகிற நிலையில், சுகாதார விதிக்குக் கீழ்ப்படிந்து புதைத்தவன் நிவாரண விதியின் முன் கையில் அத்தாட்சியின்றி நிற்கிறான். புதைக்காமல் வைத்திருப்பவனே அத்தாட்சி உடையவனாகிறான். ஒரு சட்டத்துக்கு அடங்கியதற்காக மற்றொரு சட்டம் ஒருவனைத் தண்டிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இன்ஷ்யூரன்ஸ் செய்த மாடுகளின் கதியும் இதுவே. மாட்டின் காதில் எண் பொறித்த வில்லை ஒன்றை மாட்டுகிறார்கள். நஷ்டஈடு கோரும்போது அந்தக் காது வில்லையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். வில்லை இல்லையேல் தொகை இல்லை என்பது கம்பெனிகளின் நெடுங்கால வழக்கம். மாடு கடலில் கிடக்கிறது. வில்லை மாட்டின் காதில் கிடக்கிறது. காதைக் கொண்டு வா என்றால் மாட்டுக்காரன் எந்தக் கடலில் போய் முழுகுவான்?

இதற்கு உத்தியோகஸ்தர்கள் சொல்லும் சமாதானத்தையும் நாம் மறைக்கப் போவதில்லை. சர்க்கார் பணம் பிரஜைகளின் பணம்; சான்று கேட்காவிட்டால் ஒரு ஆடு செத்தவன் பத்து என்பான், ஆடே இல்லாதவன் இருபது என்பான் என்கிறார்கள். இந்தப் பயம் வீண் பயமென்று சொல்ல மாட்டோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நமது பெரியோர்களின் வாக்கு. ஆனால் அந்தப் பழமொழியே விடையையும் சொல்லுகிறது. அளக்க வேண்டியது ஆற்றிலே போடுவதற்கு முன்பு. ஆறு கொண்டுபோன பின்பு வந்து, எவ்வளவு இருந்தது, காட்டு என்று கேட்பது அளப்பதாகாது.

சட்டம் படித்தவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டுகிறோம். மனிதன் காணாமற் போனால் ஏழு வருஷம் அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாதிருந்தாலொழிய அவன் இறந்ததாக அனுமானிக்கலாகாது என்பது 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 108-ம் பிரிவிலிருந்து வரும் கொள்கை. 2017-ம் வருஷம் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கடற்கரை மீனவர்கள் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அக்குடும்பங்களை ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை. விசாரணை செய்து, காணாமற் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்ச ரூபாய் நிவாரணம் சர்க்கார் வழங்கிற்று. 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பின்னும் காணாமற் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கத் தனி முறை வகுக்கப்பட்டது. கடல் சாட்சி சொல்லாது என்ற உண்மையைச் சர்க்கார் இருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. மனித உயிரையும் ஆட்டின் உயிரையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. மனிதன் விஷயத்தில் உடலின்றியே உண்மையை நிச்சயிக்க முடிந்த சர்க்காருக்கு, நாலாயிரம் ரூபாய் பெறும் ஆட்டின் விஷயத்தில் அது ஏன் முடியாது என்றே கேட்கிறோம்.

பிற தேசத்தார் இந்தச் சங்கடத்தை எவ்விதம் தீர்க்கிறார்கள்? அமெரிக்காவில் புயல், வெள்ளம், கடும்பனி முதலியவற்றால் மடியும் கால்நடைகளுக்குச் சந்தை விலையில் நூற்றுக்கு 75 பங்கு வீதம் கொடுக்கும் திட்டம் ஒன்றுண்டு. 2008-ம் வருஷத்து விவசாயச் சட்டத்தில் ஏற்பட்டு, 2014-ம் வருஷத்துச் சட்டத்தால் நிரந்தரமாக்கப்பட்டது. அவர்களும் சான்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் விபத்துக்கு முன் மந்தையில் எத்தனை இருந்தன என்ற நம்பத்தகுந்த கணக்கு இருந்து, மரணத்துக்கு நேர்ச்சான்று இல்லாவிட்டால், விஷயம் அறிந்த மூன்றாம் மனிதன் ஒருவனது அத்தாட்சியை ஏற்றுக்கொள்கிறார்கள். முன்கணக்கும் அண்டை அயலாரின் சாட்சியமும் சேர்ந்தால் செத்த உடலுக்கு ஈடாகும் என்பதே அதன் தத்துவம். பெரிய பண்ணைகள் நிறைந்த அந்தத் தேசத்தில் இது நடக்குமானால், யார் வீட்டுப் பசு எப்பொழுது கன்று ஈன்றது என்பதைத் தெரு முழுவதும் அறிந்திருக்கும் நமது கிராமங்களில் நடவாதா?

முன்கணக்குக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம்: அது சர்க்காரின் பீரோவிலேயே இருக்கிறது. தேசமெங்கும் கால்நடைக் கணக்கெடுப்பு 1919 முதல் நடந்து வருகிறது. இருபதாவது கணக்கெடுப்பு 2019-ல் நடந்தது. இருபத்தொன்றாவது 2024 அக்டோபரில் தொடங்கிற்று. அதில் இடம் விட்டு இடம் பெயர்ந்து மேய்ப்பவர்களும் அவர்களது மந்தைகளும் முதன்முறையாகத் தனியே கணக்கில் சேர்க்கப்பட்டனர். 2019-ல் தொடங்கிய கோமாரி நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் மாடுகளுக்குப் பன்னிரண்டு இலக்க எண்ணுள்ள காது வில்லை மாட்டப்பட்டு, உரியவரின் பெயரோடு அவ்வெண் கம்ப்யூட்டரில் ஏற்றப்படுகிறது. பால் கூட்டுறவுச் சங்கங்களின் ஏட்டில் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்பது நாள்தோறும் எழுதப்படுகிறது. 2011-ல் விலையில்லாக் கறவைப் பசுக்களையும் ஆடுகளையும் ஏழைகளுக்கு வழங்கியபோது வாங்கியவர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. காது வில்லையை மாட்டியது சர்க்கார். எண்ணை எழுதிக்கொண்டதும் சர்க்கார். தன் ஏட்டைத் தானே புரட்டிப் பார்க்காமல், ஏழையைச் சான்று கொண்டு வா என்று அலைக்கழிப்பது தர்மமா?

இந்தக் கடற்கரையில் சர்க்காருக்கு எண்ணத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. முத்துச் சலாபம் நடந்த காலத்தில் கடலடியிலிருந்து வந்த சிப்பிகள் கரையில் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று மூச்சடக்கி மூழ்கினவனுக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடப்பட்டது. வாங்கிக்கொள்ளும் சமயத்தில் கடலடிச் சிப்பியைக்கூட எண்ண முடிந்தது. கொடுக்க வேண்டிய சமயத்தில் கரைமேல் மேயும் ஆட்டை எண்ண முடியவில்லை என்றால் நம்புவது கடினம்.

இனி, நிவாரணம் யாரைக் கண்டுகொள்கிறது, யாரைக் கண்டுகொள்வதில்லை என்ற விஷயம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், விவசாயக் கடன் சட்டம் என்று 1884-ல் ஒன்று ஏற்பட்டது. துன்ப நிவாரணத்துக்கும், விதையும் மாடும் வாங்குவதற்கும் அதன்படி சர்க்கார் கடன் கொடுத்தது. ஆனால் அக்கடன் யாருக்கு? சாகுபடி நிலத்தின் சொந்தக்காரருக்கும் அனுபவதாரருக்கும் என்று சட்டம் சொல்லிற்று. நிலமின்றி மந்தையை மாத்திரம் வைத்துப் பிழைத்தவன் அதன் கண்ணில் படவில்லை. நூறு வருஷங்களுக்கு மேலாயிற்று; ராஜ்யம் மாறிற்று; நம்மை நாமே ஆளுகிறோம். ஆயினும் 2022-ம் வருஷத்து அளவுகோலிலும் கால்நடை உதவி சிறு, குறு விவசாயிகளுக்கான உதவி என்ற தலைப்பின் கீழேயே வைக்கப்பட்டது. பட்டாவைப் பார்த்தே மனிதனை அடையாளம் காணும் பழைய வழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. பிழைப்புக்காக ஒரு தாலுகாவிலிருந்து மற்றொரு தாலுகாவுக்கு மந்தை ஓட்டிச் செல்லும் கிடைக்காரனுக்கு ரேஷன் கார்டு ஓரிடத்தில், ஆடு வேறிடத்தில். வெள்ளம் வந்த ஊரில் அவன் பெயர் இல்லை; பெயர் உள்ள ஊரில் வெள்ளம் இல்லை.

தொகையின் வரம்பையும் பார்ப்போம். மேற்படி அளவுகோலின்படி ஒரு குடும்பத்துக்குப் பெரிய கறவை மாடுகளானால் மூன்றுக்கும், ஆடு போன்ற சிறியவையானால் முப்பதுக்கும் மேல் உதவி கிடையாது. நூறு ஆடுகளைப் பறிகொடுத்தவனுக்கு முப்பது ஆட்டுக்கான 1,20,000 ரூபாய் கிடைக்கும். நூறிலும் பங்கிட்டால் ஆட்டுக்கு 1,200 ரூபாய். எட்டயபுரம் சந்தையில் ஒரு முறை விலை விசாரித்தவர்களுக்கு அந்தத் தொகையின் பெறுமதி விளங்கும். நூறு ஆடு வைத்திருப்பவன் செல்வந்தன் என்று எண்ணுகிறவர்கள் பட்டியைப் பார்த்தவர்கள் அல்லர். அவனுக்கு நிலம் இல்லை, வீடு பெரிதில்லை, பாங்கியில் பணம் இல்லை; அந்த நூறு ஆடே அவனுக்கு நிலமும் வீடும் பாங்கியும். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட பாஷை நம்முடையது.

கடனில் பசு வாங்கியவன் நிலைமை இன்னும் பரிதாபம். மாடு செத்தது, கடன் சாகவில்லை. 2005-ம் வருஷத்துப் பேரிடர் நிர்வாகச் சட்டத்தின் 13-ம் பிரிவு, கடுமையான பேரிடர்களில் கடனைத் திருப்புவதில் சலுகை தரும்படியோ புதுக் கடன் தரும்படியோ சிபாரிசு செய்யத் தேசிய ஆணையத்துக்கு இடங்கொடுத்தது. 2025-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அப்பிரிவையே எடுத்துவிட்டது. எனினும் 12-ம் பிரிவு இருக்கிறது. உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் மட்டுமின்றி, ஜீவனோபாயத்தை மீட்டுத் தருவதற்கும் உதவி வேண்டும் என்று அது கூறுகிறது. ஜீவனோபாயத்தை மீட்பது என்ற சொற்களை அழுத்திப் படியுங்கள். செத்த ஆட்டுக்கு விலை கட்டுவது ஒரு காரியம். ஆட்டுக்காரனை மறுபடி ஆட்டுக்காரனாக்குவது மற்றொரு காரியம். சட்டம் கேட்பது இரண்டாவதையே.

இதற்கிடையில் டில்லிக்கும் சென்னைக்கும் நடந்த வழக்கையும் தேசம் பார்த்தது. மிக்ஜாம் புயலுக்கும் தென்ஜில்லா வெள்ளத்துக்குமாகச் சுமார் 37,000 கோடி ரூபாய் வேண்டுமென்று சென்னை கேட்டது. 2024 ஏப்ரலில் டில்லி விடுவித்தது சுமார் 276 கோடி. சுப்ரீம் கோர்ட்டு வரையிலும் விவகாரம் போயிற்று. ராஜ்யத்தின் உரிமைப் பங்கைக் கேட்டுப் போராட வேண்டியதே. அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆயினும் கோடிகளின் சண்டை முடியட்டும், பிறகு ஆட்டைப் பார்ப்போம் என்பது ஒவ்வாது. கிராமத்துக் கால்நடைகளை முன்கூட்டி எழுதிவைக்க டில்லியின் கோடி தேவையில்லை. ஒரு நோட்டுப் புஸ்தகமும் மனமும் போதும்.

ஆகையால் நாம் கோருவது இதுவே. முதலாவது, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு கிராமத்திலும் உள்ள மாடு, எருமை, ஆடு, கோழிகளின் ஜாபிதா ஒன்று கால்நடை மருத்துவராலும் கிராம நிர்வாக அலுவலராலும் எழுதப்பட்டு, அக்டோபர் 2-ம் தேதி கூடும் கிராம சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். பொய்க்கணக்கு எழுதினவனை ஊரார் அங்கேயே மறுப்பார்கள். பதினாயிரம் படிவங்கள் செய்ய முடியாத வேலையை ஊர்ச்சபை ஒரு பொழுதில் செய்துவிடும். இரண்டாவது, வெள்ளத்துக்குப் பின் உடல் கிடைக்காத இடத்தில், ஜாபிதாவில் இருந்த தொகையிலிருந்து பிழைத்த பிராணிகளைக் கழித்து, அக்கம்பக்கத்தார் இருவரது சாட்சியத்தோடு நஷ்டத்தை நிச்சயிக்க வேண்டும். காது வில்லை தொலைந்தது ஒரு காரணமாகலாகாது. மூன்றாவது, நிலம் இல்லாதவனும், வெளியூரிலிருந்து மந்தை ஓட்டி வந்தவனும், புருஷன் இல்லாமல் தன்னந்தனியாக ஒரு பசுவை வைத்துக் குடும்பம் நடத்துகிறவளும் தத்தம் பெயரிலேயே ஜாபிதாவில் ஏற வேண்டும். உதவி பிராணி இருந்த இடத்தை வைத்துக் கொடுக்கப்பட வேண்டும். நான்காவது, மந்தையையே ஜீவனமாகக் கொண்டவர்களுக்கு முப்பது ஆடு என்ற வரம்பு தளர வேண்டும். ஐந்தாவது, பிழைத்த கால்நடைகளுக்கு வெள்ளம் வடிந்த அன்றே தீவனம் வர வேண்டும். வைக்கோற்போர் அழுகிப்போன ஊரில் புல்லில்லாமல் மாட்டைப் பாதி விலைக்கு விற்பவன் நஷ்டம் எந்த அத்தாட்சியிலும் ஏறுவதில்லை.

தேசத்தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளம் வந்தபின் படகேறி அரிசிப் பொட்டலம் கொடுத்தீர்கள். ஜனங்கள் அதை மறவார்கள். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பதும் நமது நாட்டுப் பழமொழி. சர்க்கார் உத்தரவு வரும் வரை காத்திராமல், இந்த வருஷமே உங்கள் ஊரில் வீடுவீடாகச் சென்று கால்நடைகளை எழுதுங்கள். கிராம சபையில் அதைத் தீர்மானமாக நிறைவேற்றி, தாலுகா ஆபீஸில் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். ஊர்ச்சபையின் தீர்மானத்தை எந்த அதிகாரியும் இலேசாகத் தள்ள முடியாது. கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமென்பார்கள். பூசாரியிடம் காட்டக் கையில் காகிதம் இருக்கட்டும்.

தாமிரபரணி மறுபடியும் பெருகும். அது எந்த வருஷம் என்பதை எவரும் சொல்ல முடியாது. பெருகும் என்பது மட்டும் நிச்சயம். அன்று ஆத்தூரிலும் ஏரலிலும் புன்னைக்காயலிலும் ஓர் ஏழை தன் வெறும் பட்டியின் முன் நிற்கும்போது, செத்த ஆட்டுக்குச் சாட்சி யார் என்று சர்க்கார் அவனைக் கேட்கலாகாது. ஆடு உயிரோடிருந்தபோதே அதற்குச் சாட்சியாக இருந்திருக்க வேண்டியது சர்க்கார்தான்.